ஒரு சப்பாத்துப் பெட்டியும் பாரசீக இளவரசனும்

டிசம்பர் விடுமுறையில் நமது பாடசாலையின் கணினி அறையைத் துப்புரவு செய்தோம். இரும்பு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால் 11 புளொப்பி டிஸ்க்குகள். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. கணினியில் 'சேவ்' செய்வதற்கு ஒரு சின்னச் சதுர அடையாளம் இருக்கிறதே, அதன் அசல் இதுதான். ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்குவது கஷ்டம்.

ஒன்றில் பேனையால் 'பிரின்ஸ்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'மலர்'. மற்றொன்றில் 'ஊர் வரலாறு - பெரிய சேர்'.

'பிரின்ஸ்' என்பதைக் கண்டதும் எங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் கொம்பியூட்டர் வகுப்பு தொடங்கிய காலத்தில், சேர் தேநீர் குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில் நாங்கள் விளையாடிய 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா' அது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பையன், நிலவறை, ஈட்டிகள் முளைக்கும் தரை. 60 நிமிடத்துக்குள் அரசகுமாரியை மீட்க வேண்டும். டொஸ் திரையில் 'பிரின்ஸ்' என்ற பெயருக்குப் பின்னால் 'மெகாஹிட்' என்று சேர்த்துத் தட்டினால் குறுக்குவழிகள் திறக்கும் என்ற இரகசியம் தெரிந்தவன்தான் அன்று வகுப்பில் ராஜா.

கொழும்பிலிருந்து தருவித்த யுஎஸ்பி புளொப்பி டிரைவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். 11இல் 6 திறந்தன. 'மலர்' திறந்தது. 'பிரின்ஸ்' திறக்கவில்லை. 'ஊர் வரலாறு'ம் திறக்கவில்லை. மூடியை நகர்த்திப் பார்த்தபோது உள்ளே உள்ள வட்டத் தகட்டில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அதற்கு மேல் முயற்சி செய்யாமல் நிறுத்திவிட்டோம். பூஞ்சணம் பிடித்த தகட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் வாசிக்கும் முனை அதைச் சுரண்டிவிடும், முனையும் அழுக்காகி அடுத்த டிஸ்க்கையும் கெடுத்துவிடும். உங்கள் வீட்டிலும் பழைய டிஸ்க் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டு டிஸ்க்குகளும் ஒரே பெட்டியில், ஒரே ஈரத்தில் கிடந்தவை, ஒரே விதமாகக் கெட்டவை. ஆனால் விளையாட்டைத் தரம் 10 மாணவன் ஒருவன் பத்தே நிமிடத்தில் தேடி எடுத்து விளையாடிக் காட்டினான். ஊர் வரலாற்றை இன்று வரை நம்மால் எடுக்க முடியவில்லை. ஏன் இப்படி? இதற்குப் பதில் அந்த விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறது.

ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1985இல் இந்த விளையாட்டைச் செய்யத் தொடங்கினார். தன் தம்பியை ஓடவும் பாயவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு சட்டமாக வரைந்து, கணினிக்குள் கொண்டுபோனார். அந்தப் பையன் நிஜ மனிதனைப் போல நடந்தது அதனால்தான். இசை அமைத்தவர் அவரது தந்தை. 1989இல் 'அப்பிள் 2' கணினிக்காக விளையாட்டு வெளிவந்தது. அப்போது அந்தக் கணினியின் காலமே முடிந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு டொஸ் கணினிகளுக்கு மாற்றினார்கள். நம் ஊருக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

இடவசதி எவ்வளவு குறைவு என்றால், எதிரி ஒருவனைப் புதிதாக வரையவே நினைவகத்தில் இடமில்லை. அதனால் இளவரசனின் அதே படங்களைக் கணக்கு முறையில் சற்றுத் திரித்து, அவனது நிழலையே எதிரியாக்கினார் மெக்னர். அந்த நிழலை வெட்டினால் நமக்கே காயம். வாளை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்தால் நிழல் நம்மோடு சேர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு தவணை முழுவதும் எடுத்தது.

கதையின் வில்லன் ஜஃபர் என்ற வஸீர். இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு. ஹாரூன் அர்ரஷீதின் உண்மையான வஸீர் குடும்பத்தைச் சேர்ந்த ஜஃபர் பின் யஹ்யா அல்பர்மகீ, ஆயிரத்தொரு இரவுக் கதைகளில் கலீபாவோடு மாறுவேடத்தில் நகர்வலம் போகும் தோழர். 803இல் கலீபாவின் கட்டளையாலேயே கொல்லப்பட்டார். 1940இல் வந்த 'பக்தாத் திருடன்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் அந்தப் பெயர் வில்லனுக்கு வைக்கப்பட்டது. அதன் பிறகு படங்களிலும் விளையாட்டுகளிலும் அவர் வில்லனாகவே வருகிறார். ஒரு மனிதரின் சரித்திரத்தை வைத்திருப்பவர்கள் சொல்லாவிட்டால், வேறு யாரோ சொல்வதுதான் சரித்திரமாகிவிடும்.

இனி விளையாட்டை இன்றைய கணினியில் ஓடவைக்கும் விஷயத்துக்கு வருவோம். பழைய பைலைச் சொடுக்கினால் இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்று விண்டோஸ் சொல்லும். பைல் கெட்டுப்போகவில்லை. இன்றுள்ள 64 பிட் விண்டோஸுக்கு 16 பிட் டொஸ் நிரல்களை இயக்கும் வசதி இல்லை, அவ்வளவுதான். வீடு அப்படியேதான் இருக்கிறது, வீட்டுக்குப் போகும் பாதையை மூடிவிட்டார்கள்.

இதற்கு மூன்று வழிகளை மனிதர்கள் கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி, பழைய இயந்திரம் போலவே நடிக்கும் ஒரு மென்பொருள். 2002 முதல் கிடைக்கும் 'டொஸ்பொக்ஸ்' அப்படிப்பட்டது. இலவசம். விளையாட்டு இருக்கும் கோப்புறையை 'மவுண்ட்' கட்டளையால் சீ டிரைவாகக் காட்டினால் போதும், இளவரசன் ஓடத் தொடங்குவான். சில பழைய விளையாட்டுகள் கணினியின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. அவை இன்றைய கணினியில் கண்மூடித்தனமாகப் பறக்கும். அப்போது 'கண்ட்ரோல்' விசையோடு 'எஃப் 11' அழுத்தினால் வேகம் குறையும், 'எஃப் 12' அழுத்தினால் கூடும். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் 2015 ஜனவரியில் 2,000க்கும் மேற்பட்ட டொஸ் விளையாட்டுகளை இதே முறையில் உலாவிக்குள்ளேயே இயங்க வைத்தது. நம் மாணவன் பிடித்த வழியும் இதுதான்.

இரண்டாவது வழி, விளையாட்டை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் புதிய மொழியில் திரும்ப எழுதுவது. டொஸ் பதிப்பின் இயந்திரக் கட்டளைகளை ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக வாசித்து, சீ மொழியில் மீள எழுதியிருக்கிறார்கள். இன்றைய கணினிகளில் அது நேரடியாக ஓடும். அசலில் இருந்த வழுக்களையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் தாங்களாக அவற்றை மறைக்கவில்லை. திருத்தம் வேண்டுமா, பழையபடியே வேண்டுமா என்று விளையாடுபவரே தெரிவு செய்யலாம். பழைய ஏட்டைப் பதிப்பிப்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. திருத்துவது குற்றமல்ல. எதைத் திருத்தினோம் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

மூன்றாவது வழி, அசல் மூலநிரலையே கண்டெடுப்பது. புதிய 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா' ஒன்றின் வேலை நடந்துகொண்டிருந்த 2002 தொடக்கம் மெக்னர் தனது அப்பிள் மூலநிரலைத் தேடினார். எங்கும் இல்லை. 2012 மார்ச்சில், நியூயோர்க்கில் இருந்த அவரது தந்தை வீட்டு அலுமாரியைத் துப்புரவு செய்தபோது ஒரு பெட்டியைக் கண்டு மகனுக்கு அனுப்பிவைத்தார். அதற்குள் 3.5 அங்குல புளொப்பிகள். மகனின் எழுத்தில் மூலநிரல் என்று குறித்திருந்தது. அவை கிடந்தது 20 வருடங்களுக்கு மேல். ஏப்ரல் 16ஆம் திகதி, பழைய கணினிச் சேகரிப்பாளர் ஒருவரும் ஆவணக் காப்பாளர் ஒருவரும் அவரது வீட்டுக்கு வந்து, பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தார்கள். அடுத்த நாளே மெக்னர் அதை உலகத்துக்குத் திறந்துவிட்டார். இத்தோடு, 1989 ஒக்டோபரில், மற்றக் கணினிகளுக்கு மாற்றப்போகிறவர்களுக்காக அவர் எழுதி வைத்திருந்த விளக்கக் குறிப்பும் இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த நிரலை விளங்கிக்கொள்வதே பெரும் பாடாகியிருக்கும்.

'டூம்' என்ற 1993ஆம் ஆண்டு விளையாட்டின் கதையும் இதுதான். அதைச் செய்தவர்கள் 1997 டிசம்பரில் மூலநிரலை வெளியிட்டார்கள். ஒலிக்கான பகுதி வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால் டொஸ் பதிப்பை விட்டு, லினக்ஸ் பதிப்பின் நிரலைக் கொடுத்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து எந்தப் புதிய கருவி வந்தாலும் யாரோ ஒருவர் அதில் 'டூமை' ஓடவைத்துவிடுகிறார்.

இனி ஒரு முரணையும் சொல்ல வேண்டும். டொஸ் பதிப்பில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். குப்பிகளின் மேல் எழுத்துக்கள் இருக்கும். கையேட்டின் இந்தப் பக்கத்தில், இந்த வரியில், இந்தச் சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்கும். சரியான குப்பியைக் குடித்தால்தான் கதவு திறக்கும். பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அது. கையேட்டையே கண்ணால் காணாத நாங்கள் அந்த அறையில் எத்தனை நாள் நின்றிருப்போம்! திருட்டுப் பிரதியை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. செய்தவரின் உழைப்புக்கு உரிய விலை உண்டு. ஆனால் சரித்திரத்தின் கணக்கு வேறு. எத்தனை பேர் கையில் பிரதி இருந்ததோ, அத்தனை உயிர் அந்த விளையாட்டுக்கு இருந்தது. பக்தாதின் வர்ராக்குகள், அதாவது கூலிக்கு நூல்களைப் பிரதி எழுதியவர்கள், செய்த வேலையும் இதுதான். 1258இல் நகரம் அழிந்தபோதும் பல நூல்கள் பிழைத்தது, அவற்றின் பிரதிகள் வேறு ஊர்களில் இருந்ததால்தான்.

இனி நமது பெட்டிக்குத் திரும்புவோம்.

'மலர்' டிஸ்க் திறந்தது என்றோம். ஆனால் திரையில் வந்தது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். இளையவர்கள் பைல் பழுதாகிவிட்டது என்றார்கள். எங்களுக்கு உடனே விளங்கியது. அது 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்தது. யுனிகோட் பரவுவதற்கு முன் நாமெல்லோரும் அப்படித்தான் தட்டினோம். எழுத்துரு இல்லாவிட்டால் கணினி அதை ஆங்கிலமாகவே காட்டும். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டதும், 20 வருடத்துக்கு முந்திய மாணவர்களின் கவிதைகளும் அதிபரின் ஆசிச் செய்தியும் ஒவ்வொன்றாக வந்தன. அதில் தன் கட்டுரையைக் கண்ட ஒருவர் இன்று இரண்டு பிள்ளைகளின் வாப்பா. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். உங்கள் பழைய பைல்களும் இப்படித் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள்.

'ஊர் வரலாறு' மட்டும் வரவில்லை. பெரிய சேர் ஓய்வு பெற்ற பின் வீடு வீடாகப் போய், மூத்தவர்களோடு பேசி எழுதியது அது. முதல் பள்ளிவாசல் எந்த இடத்தில் இருந்தது, குளத்தை வெட்டியவர்கள் யார், பாடசாலைக்குக் காணி கொடுத்த குடும்பம் எது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பதாக அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். இன்று சேரும் இல்லை, அவர் பேசிய மூத்தவர்களும் இல்லை. உலகத்தில் யாருக்கும் தேவையில்லாத ஓர் அரண்மனையின் படம் ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கிறது. நமது காணி வரலாறு ஒரே ஒரு புளொப்பியில் இருந்தது. அதை மேலும் கெடுக்காமல், பழைய டிஸ்க்குகளிலிருந்து தரவு எடுக்கத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதற்கு ஏற்பாடு செய்கிறோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சேர் முதலில் கையால்தான் எழுதினார். பச்சை மட்டை போட்ட சீஆர் கொப்பிகள். அவற்றை ஊரில் யாரோ ஒருவரிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தார். அந்தக் கொப்பிகள் எங்காவது ஒரு வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் இருக்கலாம். ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுத்ததாகவும் சிலர் சொல்கிறார்கள். மெக்னரின் தந்தை அலுமாரியைத் திறந்ததைப் போல, இந்த வாரம் ஒரு தரம் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் கிடைத்தாலும் போதும். படம் எடுத்து அனுப்புங்கள், அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு, இப்போது உங்கள் தொலைபேசியில் மட்டும் இருக்கும் மூத்தவர்களின் குரல், பழைய கல்யாண வீடியோ, காணி உறுதியின் படம், எதுவாக இருந்தாலும் மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று தொலைபேசிக்கு வெளியே இருக்கட்டும், ஒன்று வீட்டுக்கே வெளியே இருக்கட்டும். யார், எப்போது, எங்கே என்று பைலின் பெயரிலேயே எழுதி வையுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்காமல் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

சப்பாத்துப் பெட்டியை நாங்கள் எறியவில்லை. அதே அலுமாரியின் மேல் தட்டில், ஈரம் படாத இடத்தில் வைத்திருக்கிறோம். பச்சைக் கொப்பி வந்தால் அதன் பக்கத்தில் வைப்போம்.