ஏலமலையின் நீரும் அதன் வரைபடங்களும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலை முகட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிந்து, கிழக்குச் சரிவில் இறங்குவது குரங்கணி வழியாகக் கொட்டகுடி ஆறாகி வைகையைச் சேர, மேற்கே வடிவது பெரியாற்றின் கிளைகளில் கலந்து அரபிக்கடலை அடைகிறது. பிரகிருதி வகுத்த இந்தப் பிரிவினையையே திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் பெரும்பாலும் தம் எல்லையாகக் கொண்டதால், ஒரு மலையின் ஜலம் இரண்டு அரசுகளின் பதிவேடுகளில் பிரிந்து கிடந்தது.

1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவையும், 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டு, கானர் என்ற அளவையாளர்களின் உழைப்பும் மகத்தானவை. ஆயினும் எல்லையும் பாதையும் வருவாயுமே அன்றைய ஆட்சியின் பிரதான நோக்கங்களாக இருந்தமையால், எந்தச் சரிவின் நீர் எந்த வயலைச் சேரும் என்ற கேள்வி பின்னுக்கே நின்றது. ஆனால் இரு சரிவுகளின் பிணைப்பை ஒரு வெள்ளம் காட்டியது: மேற்குச் சரிவிலுள்ள மூணாற்றின் தேயிலையை முகட்டிலுள்ள டாப் ஸ்டேஷன்வரை சுமந்துவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கிப் போடிக்கு அனுப்ப உதவிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை, 1924 ஜூலைப் பெருவெள்ளத்தில் அழிந்து மீண்டும் அமைக்கப்படாமலே போனது. மேற்குச் சரிவின் வெள்ளம் கிழக்கே இருந்த வியாபாரத்தையும் தாக்கியதென்றால், முகட்டின் இருபுறத்தையும் சேர்த்தே அறியவேண்டிய அவசியத்துக்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

அந்த அறிவுக்கு உருவம் கிடைக்கக் காலம் பிடித்தது. அகில இந்திய மண் மற்றும் நிலப் பயன்பாட்டு அளவை நிறுவனம் 1990-இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு, தேசத்தை நிர்வாக எல்லைகளால் அல்லாமல் நீரின் போக்கால் பகுத்து, 3,237 நீர்வடிப்பகுதிகளாகக் காட்டியது. 2009-இல் இஸ்ரோவின் ‘புவன்’ வரைபடத் தளமும், 2010-இல் மத்திய நீர் ஆணையத்தோடு இஸ்ரோ சேர்ந்து அமைத்த இந்திய நீர்வளத் தகவல் தளமும் வந்தபின், செயற்கைக்கோள் தரும் உயர விவரங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் நீர் எத்திசை பாயும் என்பதைக் கணித்து, அதன்மேல் மழையளவும் ஆறும் அணையும் நிலத்தடி நீரும் அடுக்கடுக்காகக் காண்பது எளிதாயிற்று. 2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் புதிய விதிமுறைகள், முன்னனுமதியின்றி வரைபடம் ஆக்கும் சுதந்திரத்தை இந்தியர்க்கு அளித்தன.

அந்தச் சுதந்திரத்தை உபயோகிக்கவேண்டியவர்கள் இம்மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் மக்களே. நிழல்மரம் குறையாமல் ஏலம் வளர்ப்பவனின் மழைக்குறிப்பும், கீழே கண்மாய் நீரை நம்பும் விவசாயியின் அனுபவமும் தமிழிலேயே இம்மலையின் நீர் வரைபடத்தில் ஏறி, கிராமசபையில் விவாதிக்கப்பட வேண்டும். ஒரு மரத்தை வெட்டவோ ஓர் ஓடையை மறிக்கவோ தீர்மானிக்கும் முன்பு, அதனால் யாருடைய நீர் குறையும் என்று கண்டறிவதை நாம் கடமையாகவே கொள்ளவேண்டும்.