சாரி-சாரிக் கடை

சாரி-சாரிக் கடை என்பது பிலிப்பீன்சில் வீட்டை ஒட்டி நடக்கும் சிறு கடை. பெட்டிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் இடைப்பட்டது. தகாலோக் மொழியில் ‘சாரி-சாரி’ என்றால் பலவகை என்று பொருள். நாடெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருப்பதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள்.

அமைப்பு

பெரும்பாலும் வீட்டின் முன்பகுதியே கடை. தெருப்பக்கச் சன்னலுக்குக் கம்பி வலை அடித்து, கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். ஷாம்பு, காப்பித்தூள், சோப்புத்தூள் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்க, அவற்றுக்குப் பின்னால் கடைக்காரர் முகம் பாதிதான் தெரியும். வருபவர் வெளியே நின்று ‘பபிலி போ’ என்று குரல் கொடுப்பார். தமிழ்க் காதுக்கு விரட்டுவதுபோல் கேட்டாலும் இந்தப் ‘போ’ மரியாதைச் சொல். ‘வாங்க வந்திருக்கிறேனுங்க’ என்பதில் வரும் ‘ங்க’வுக்கு நிகர். கடையைப் பெரும்பாலும் பெண்களே வீட்டு வேலைக்கு நடுவே நடத்துகிறார்கள்.

திங்கி

பொருளைப் பிரித்து உதிரியாக விற்பதைத் ‘திங்கி’ என்பர். ஒரு முட்டை, ஒரு சிகரெட், ஒரு வேளைக் குழம்புக்கான எண்ணெய் என எதுவும் கிடைக்கும். எண்ணெயும் வினிகரும் சிறு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தரப்படும். கணக்குப் பார்த்தால் மொத்தமாக வாங்குவதைவிட விலை கூடுதல்தான். ஆனால் அன்றாடக் கூலி வாங்கும் வீட்டுக்கு அன்றைய காசுக்குள் அடங்குவதே முக்கியம்.

வாடிக்கையாளருக்குச் ‘சுக்கி’ என்று பெயர். ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த சொல். சுக்கியின் கடன் ‘லிஸ்தா’ எனப்படும் நோட்டில் ஏறும். ‘இன்று கடன் இல்லை, நாளை உண்டு’ என்ற பொருளில் எழுதித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு.

மாலைப் பொழுது

பிற்பகல் சிற்றுண்டியான மெரியெண்டா வேளையில் கடை வாசல் களைகட்டும். குளிர்பானப் புட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பதால், கடைக்காரர் பானத்தைப் பனிக்கட்டியோடு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகித் தருவார். குழந்தைகள் அதைக் கையில் தொங்கவிட்டபடி உறிஞ்சிக்கொண்டே வீடு திரும்புவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் பழச்சாற்றை உறையவைத்த ‘ஐஸ் கேண்டி’யும் விற்கும். மார்ச் முதல் மே வரையிலான கோடையில் சில வீடுகளின் முன் மேசை போட்டு ஹாலோ-ஹாலோ விற்பார்கள்: சீவிய பனிக்கட்டியின் மேல் பால் ஊற்றி, இனிப்புப் பயறு, வாழைப்பழம், ஊதா வள்ளிக்கிழங்குக் களி சேர்த்தது. வாசல் பெஞ்சில் பெரியவர்களின் ஊர்வம்பு, ‘சிஸ்மிஸ்’, ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கைபேசி ரீசார்ஜும் மின்பணப் பரிமாற்றமும் பல கடைகளில் உண்டு.

சட்டமும் குப்பையும்

2002ஆம் ஆண்டின் 9178ஆம் குடியரசுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளும் குறுந்தொழில்களுக்கு, அத்தொழிலின் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. சாரி-சாரிக் கடைகளும் இதில் சேரலாம். 2003ஆம் ஆண்டின் 9211ஆம் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதைத் தடை செய்கிறது.

கைக்கு அடக்கமான பொட்டலமே குப்பைச் சிக்கலுக்கும் காரணம். பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன உறைக்குப் பழைய பொருள் சேகரிப்பவரிடம் விலை இல்லை. அது சாக்கடையிலும் ஆற்றிலும் சேர்கிறது. 2022ஆம் ஆண்டின் 11898ஆம் சட்டம், பெருநிறுவனங்கள் தம் பிளாஸ்டிக் உறைக் கழிவில் 80 விழுக்காட்டுக்கு ஈடானதை 2028க்குள் மீட்கும் நிலையை எட்ட வேண்டும் என்கிறது. பொறுப்பு உறையிட்ட பொருளைத் தயாரித்து விற்கும் நிறுவனத்துடையது. சன்னலுக்குப் பின்னால் இருக்கும் கடைக்காரருடையது அல்ல.