என்கோமியம்: ஒரு சொல்லின் பயணம்

ஆங்கில மதிப்புரைகளில் அரிதாகத் தென்படும் சொல் 'என்கோமியம்'. இதனையும் யூலஜி, பானிஜிரிக் ஆகியவற்றையும் தமிழில் 'புகழுரை' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். மூன்றும் கிரேக்க வழி வந்தவை. ஆனால் பிறந்த இடம் வேறு. யூலஜிக்கு மூலம் 'நற்சொல்'. இன்று அது பெரும்பாலும் இறந்தோர்க்கு உரியதாகிவிட்டது. பானிஜிரிக், ஊர்கூடும் பெருவிழாவில் பிறந்தது. என்கோமியத்தின் வேரோ 'கோமோஸ்', அதாவது குடியும் பாட்டுமாகத் தெருவில் செல்லும் களியாட்டக் கூட்டம். போட்டியில் வென்றவனைச் சூழ்ந்து அக்கூட்டம் பாடிய பாட்டோடு தொடர்புடையது இப்பெயர். பொருள் பெற்றுக்கொண்டு வெற்றிப்பாடல் இயற்றிய பிண்டார் இம்மரபில் வந்தவரே.

பாட்டு உரைநடையானபோதுதான் சிக்கல் தொடங்கிற்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சொல்வல்லார் கோர்கியாஸ், திராய்ப் போருக்குக் காரணமென்று உலகமே பழித்த ஹெலனை எடுத்துக்கொண்டார். தெய்வச் செயல், வன்முறை, பேச்சின் மயக்கம், காதல் என்னும் நான்கில் எதுவாயினும் அவள்மேல் குற்றமில்லை என்று வாதிட்டார். முடிவில், இது எனக்கொரு விளையாட்டு என்றும் சொல்லிவிட்டார்! ஹெலனைப் பற்றி எழுதிய ஒருவர் புகழ்வதாகச் சொல்லிவிட்டு வழக்காடியிருக்கிறார் என்று பின்னர் பெயர் சுட்டாமல் குறைகண்டார் ஐசோக்ரட்டீஸ். அவர் சுட்டியது கோர்கியாஸையே என்பது பலர் கருத்து. குறை சரியானதே. குற்றமற்றவள் என்பது வேறு, புகழத்தக்கவள் என்பது வேறு அல்லவா?

அரிஸ்டாட்டில் இன்னும் நுட்பமாகப் பிரித்தார். பொதுவான புகழ்ச்சி ஒருவரது பண்பின் பெருமையைக் காட்டுவது. என்கோமியம் அவர் செய்து முடித்த செயலைப் பற்றியது. குலமும் வளர்ப்பும் துணைச் சான்றுகள் மட்டுமே. என் பார்வையில், இச்சொல்லின் வரலாற்றிலேயே மதிக்கத்தக்க இடம் இதுதான். ஆனால் பிற்காலப் பள்ளிகளில் என்கோமியம் ஒரு பயிற்சிப் பாடமாயிற்று. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அஃப்தோனியஸ் அதற்கு வரிசை வகுத்துத் தந்தார்: குலம், வளர்ப்பு, செயல், பிறரோடு ஒப்பீடு. அச்சு இருந்தால் எதையும் வார்க்கலாம். ஈயைப் புகழ்ந்து லூசியனும், வழுக்கைத் தலையைப் புகழ்ந்து சைனீசியஸும் எழுதினார்கள். (நம் பாராட்டுக் கூட்டங்களில் குலமும் வளர்ப்பும் முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. செயலுக்கு ஏது இடம்?)

இந்த வெற்று அச்சையே ஆயுதமாக்கியவர் இராஸ்மஸ். 1509இல் இலண்டனில் நண்பர் தாமஸ் மோர் வீட்டில் தங்கி எழுதி, 1511இல் அச்சேறிய அவரது இலத்தீன் நூலில் பேதைமையே பெண்ணுருவில் மேடையேறித் தன்னைப் புகழ்ந்துகொள்கிறாள். சிரித்துக்கொண்டே கேட்கிறோம், இறையியலாரும் துறவிகளும் அடிவாங்கும் இடத்தில் சிரிப்பு கசக்கிறது. நூலின் பெயரிலேயே 'என்கோமியம்' உண்டு. உடன்வரும் 'மோரியே' என்பது நண்பரின் பெயரோடு ஒரு சிலேடை.

16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் இது. விருது விழாவிலும் விரிவான மதிப்புரையிலும் பொருந்துகிறது. பிள்ளையைத் தாய் மெச்சுவதற்கு இதை யாரும் பயன்படுத்துவதில்லை.