பணியிட வெளிச்சம்: தையற்கூடத்தில் கண்களைக் காத்தல்

மாலையில் கண் எரிச்சல், தலைவலி, கழுத்துப் பிடிப்பு. விடுமுறை நாளில் இவை குறைகின்றன. தையற்கூடத்தில் பணிபுரியும் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ இவ்வாறு இருப்பின், பணியிட வெளிச்சத்தையும் ஆராய வேண்டும்.

கூடம் பளிச்சென்று தெரிவதும் ஊசிமுனையில் வெளிச்சம் விழுவதும் ஒன்றல்ல. வெளிச்சம் லக்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஐரோப்பியத் தரநிலை எழுத்துப் பணிக்கு 500 லக்ஸும் தையலுக்கு 750 லக்ஸும் குறிப்பிடுகிறது. தைப்பவர் வழக்கம்போல் அமர்ந்திருக்கையில், அளவியைத் துணியின்மேல் வைத்து அளக்க வேண்டும். அப்போதுதான் அவருடைய நிழலும் கணக்கில் வரும். கைப்பேசிச் செயலிகள் காட்டும் அளவு தோராயமானதே. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைப்பவருக்கு 750 லக்ஸும் போதாமல் போகலாம்.

அளவி இல்லையெனில், புருவத்தின்மேல் கையைக் குடைபோல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு உடனே இதமாக இருந்தால், எதிரிலுள்ள விளக்கோ சன்னலோ கண்ணைக் கூசச் செய்கிறது என்று பொருள்.

பெரும்பாலும் புதிய விளக்கைவிட இடமாற்றமே பயன் தரும். தலைக்குப் பின்னால் உள்ள விளக்கு உங்கள் நிழலையே துணிமீது வீழ்த்தும். ஊசியருகே மறைப்புடன் கூடிய சிறு விளக்கு ஒன்று இருந்தால் இக்குறை தீரும். மின்னிணைப்பைத் துண்டித்தபின் குழல்விளக்குகளின் தூசியைத் துடையுங்கள். சன்னல்களையும் தூய்மையாக வையுங்கள். சிமிட்டும் குழல்விளக்கை அன்றே மாற்றச் சொல்லுங்கள். போதிய வெளிச்சம் அளிக்கும் கடமை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே வகுக்கப்பட்டது. ஆகவே மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வயதும் கணக்கில் கொள்ளத்தக்கது. 60 வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதினருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இளையவருக்குப் போதுமான மேசை, அருகிலிருக்கும் மூத்தவருக்குப் போதாது. ஆனால் கண்புரை உள்ளவருக்கு விளக்கைக் கூட்டினால் கூச்சமும் கூடலாம். அவருக்கு முதலில் தேவைப்படுவது கண் பரிசோதனை. நீரிழிவு நோயாளர் பார்வை மங்கலை வெளிச்சக் குறைவு என்று எண்ணி நாளைக் கடத்தலாகாது. குறை தோன்றாவிடினும் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வெளிச்சத்தைச் சீர்செய்து சில வாரங்களாகியும் தொல்லை நீடித்தால் கண் மருத்துவரை அணுகுங்கள். திடீர்ப் பார்வையிழப்போ, கடும் கண்வலியுடன் விளக்கைச் சுற்றி வண்ண வளையமோ தோன்றினால், வேலை முடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.