கட்டுநாயக்கா முதல் துறைமுக நகரம் வரை

1977 யூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றி ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தனா, இலங்கையைச் சிங்கப்பூராக மாற்றிக் காட்டுவேன் என்ற கனவுடனேயே தமது பொருளாதாரப் பயணத்தைத் தொடங்கினார். அக்கனவின் முதற் கருவி, 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு ஆகும். ஜே.ஆரின் உறவினரும் பிரபல தொழிலதிபருமான உபாலி விஜேவர்தன அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது.

விமான நிலையம் அருகில், துறைமுகம் எட்டும் தூரத்தில், பத்தாண்டுகள் வரையிலான வரிவிடுமுறை, இலாபத்தைத் தடையின்றி வெளியே எடுத்துச் செல்லும் வசதி, நாட்டின் சில சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம். இவையே முதலீட்டாளருக்கு விரிக்கப்பட்ட செங்கம்பளம். 1978 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரை, வெளிநாட்டு முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்குத் தனிக் காப்பும் வழங்கிற்று.

முதலீட்டாளர்கள் வந்தார்கள், ஆனால் வந்தவர்களுட் பெரும்பாலோர் ஆடை தைப்பவர்களே. 1974 முதல் உலகச் சந்தையைக் கட்டுப்படுத்திய பல்நார் உடன்படிக்கையின் கீழ் தத்தம் நாட்டுக் கோட்டாவைத் தீர்த்துக்கொண்ட ஹொங்கொங் போன்ற இடங்களின் உற்பத்தியாளர்களுக்கு, கோட்டா மீதமிருந்த நாடொன்று தேவைப்பட்டது. சிங்கப்பூரைச் சிங்கப்பூராக்கியது வெறும் வரிச்சலுகையன்று. 1961இல் அங்கு அமைக்கப்பட்ட பொருளாதார அபிவிருத்திச் சபை, எந்தத் தொழில் வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துக்கொண்டு அதனைத் தேடிச் சென்றது.

நம் நாட்டிற்கும் அந்த வாய்ப்பு வாசல்வரை வந்ததுண்டு. மோட்டரோலா, ஹரிஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் கட்டுநாயக்காவில் மின்னணுத் தொழிற்சாலைகளை அமைக்க முன்வந்திருந்தன. 1983 யூலைக்குப் பின்னர் அத்திட்டங்கள் கைவிடப்பட்டன. அந்த யூலையில் கொழும்பிலும் இரத்மலானையிலும் தமிழருக்குச் சொந்தமான தொழிற்சாலைகள் தீக்கிரையாக்கப்பட்டபோது, மறுநாள் வேலையிழந்து நின்றவர்களுள் ஆயிரக்கணக்கானோர் சிங்களத் தொழிலாளர் என்பதையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். முதலீட்டாளரை அழைக்க ஓர் ஆணைக்குழு இருந்தது. அவர்களை விரட்டியதைத் தடுக்க எவரும் இருக்கவில்லை.

வடக்கின் கதை இன்னும் துயரமானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் திறந்த பொருளாதாரத்துக்கு முன்னரே அங்கு இயங்கியவை. போர் அவற்றை மூடியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றபோது, யாழ்ப்பாணத்துக்குச் சென்றுகொண்டிருந்தவை குண்டுகளும் பொருளாதாரத் தடையும்தான்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொண்ணூறுகளில், கட்டுநாயக்காவைப் பற்றி வந்த செய்திகளுட் பெரும்பாலானவை ஏற்றுமதிப் புள்ளிவிபரங்களே. சிறு அறைகளில் நெருங்கி வாழ்ந்து அந்த ஏற்றுமதியை உருவாக்கிய கிராமத்துப் பெண்களைப் பற்றி நாம் எழுதியது குறைவு. 2011இல் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அவர்கள் வீதிக்கு வந்தார்கள். மே 30 அன்று பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னரே சட்டமூலம் கைவிடப்பட்டது.

1978இன் ஆணைக்குழு 1992இல் முதலீட்டுச் சபையாக மாறியது. 2021இல் மற்றோர் ஆணைக்குழு பிறந்தது. கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகருக்கான சட்டம், 40 ஆண்டுகள் வரை வரிவிலக்களிக்க இடமளித்தது. மறு ஆண்டே, 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என நாடு அறிவித்தது.

வரியை விட்டுக்கொடுப்பதே அபிவிருத்தித் திட்டம் என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருக்கிறோம். தொழிற்சாலை அமைப்பவன் வரியை மட்டும் கணக்கிடுவதில்லை. அடுத்த யூலையையும் கணக்கிடுகிறான். தன் குடிமக்கள் அனைவருக்கும் அந்த உத்தரவாதத்தை வழங்காத ஒரு நாட்டில், எத்தனை ஆணைக்குழுக்கள் அமைத்தாலும் சிங்கப்பூர் தூரத்திலேயே இருக்கும்.