விசா ஒரு வாசல், பதிவேடு மறு வாசல்: இயன்முறை மருத்துவரின் புலம்பெயர்வு

கனடா 2023-இல் தன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடிவரவு முறையில் தொழில்வாரித் தெரிவைக் கொண்டுவந்தது. ஆள் தேவைப்படும் மருத்துவத் தொழில்களின் பட்டியலில் இயன்முறை மருத்துவமும் இடம்பெற்றது. ஆனால் அந்த வழியே நிரந்தர வசிப்புரிமை வாங்கி டொரண்டோவில் இறங்கும் ஒருவர், ஒன்டாரியோ மாகாண ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெறும்வரை தம்மைப் ‘பிசியோதெரபிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்ளக்கூடச் சட்டம் இடம்தராது. குடிவரவுத் துறைக்கு அவர் தேடப்படும் நிபுணர். மாகாணப் பதிவேட்டுக்கோ தகுதியை இன்னும் மெய்ப்பிக்காத விண்ணப்பதாரர். இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய வேலை பெரும்பாலும் பிசியோதெரபி உதவியாளர் பணிதான்.

இந்த இடைவெளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ‘அங்கே தரம் உயர்வு’ என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி நிர்வாகத் தெரிவு என்பதும், அந்தத் தெரிவின் செலவைப் புலம்பெயர்பவர் மட்டுமே சுமக்கிறார் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உண்மையான பாதி. ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் சங்கம் 1976-லேயே, டாக்டரின் பரிந்துரை இருந்தால்தான் நோயாளியைப் பார்க்கலாம் என்ற தன் நெறிமுறையைக் கைவிட்டது. தமிழ்நாட்டு கிளினிக்குகளிலோ எலும்பு மருத்துவரின் சீட்டோடு வருபவர்கள் இன்றும் ஏராளம். சீட்டில் ‘ஐ.எஃப்.டி., டிராக்‌ஷன், பத்து நாள்’ என, மின்தூண்டலும் இழுவையுமாகச் சிகிச்சை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். மெல்போர்னில் இடுப்புவலியோடு நேரே வந்து உட்காருபவரிடம் எந்தச் சீட்டும் இருக்காது. சிறுநீர் கட்டுப்பாடு தவறுகிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா, காரணமின்றி எடை குறைகிறதா என்று கேட்டு, இது தண்டுவட நரம்பு நசுங்கலா, கட்டியா, வெறும் தசைப்பிடிப்பா என்று இயன்முறை மருத்துவரே பிரித்தறிய வேண்டும். தவறினால் நோயாளி நடமாட்டத்தையே இழக்கலாம். எலும்பு-தசை, நரம்பியல், இதய-நுரையீரல் ஆகிய மூன்று துறைகளிலும் ஆஸ்திரேலியா செய்முறைத் தேர்வு வைப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் தரத்தை அளக்க ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு என்பது சரியல்ல. கனடாவில் நடந்ததே இதற்குச் சான்று. அங்கே தேசிய உரிமத் தேர்வு எழுத்து, செய்முறை என இரண்டு பகுதிகளாக இருந்தது. பெருந்தொற்றால் செய்முறைப் பகுதி முடங்கியது. 2021-இல் அதை இணையவழியில் நடத்த முயன்றபோது தொழில்நுட்பக் கோளாறால் தேர்வே ரத்தானது. 2022 தொடக்கத்தில் அந்தப் பகுதி நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. ஒன்டாரியோ தனக்கென ஒரு தேர்வை அமைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் கொலம்பியா பணியிடத்திலேயே திறனை மதிப்பிடும் முறைக்கு மாறியது. தவிர்க்கவே முடியாதது என்று கருதப்பட்ட தேர்வுக்கு மாற்று வழிகள் கிடைத்தன.

அமெரிக்காவின் முரண் இன்னும் கூர்மையானது. அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் ‘ஷெட்யூல் ஏ’ பட்டியலில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் உள்ளனர். உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று வேலைக்கு அமர்த்துபவர் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. அதே நாட்டில், வினாக்கள் கசிவதாக எழுந்த ஐயத்தால், உரிமத் தேர்வை நடத்தும் கூட்டமைப்பு 2010-இல் இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நான்கு நாடுகளின் பட்டதாரிகளுக்குத் தேர்வை நிறுத்திவைத்தது. பிறகு அவர்களுக்கென்று தனித் தேர்வும் வந்தது. கசிவில் தொடர்பே இல்லாதவரும் படித்த நாட்டின் பெயரால் காத்திருந்தார். இதற்கு மேல், உள்நாட்டுப் படிப்புகள் டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) நிலைக்கு உயர்ந்துவிட்டதால் இந்தியப் பட்டத்தின் பாடநேரம் வரிவரியாக ஒப்பிடப்படுகிறது. அதையும் தாண்டியவர் கிரீன் கார்டுக்கான நாட்டுவாரி 7 விழுக்காட்டு உச்சவரம்பில் நிற்கிறார்.

பிரிட்டன் வேறு வகை. அங்குள்ள பதிவு அமைப்பான எச்.சி.பி.சி. வெளிநாட்டவருக்குத் தேர்வு வைப்பதில்லை. பட்டம், பயிற்சி, பணி அனுபவம் மூன்றையும் ஆவணங்களில் சோதிக்கிறது. பாடத்திட்டத்தில் உள்ள குறையை அனுபவம் ஈடுகட்டலாம். மருத்துவப் பணியாளர்களுக்கான தனி விசாவும் 2020 முதல் இருக்கிறது. ஆயினும் பதிவு எண் கிடைத்தால் வேலை கிடைக்கும் என்று பொருளல்ல. உள்ளூர்ப் பட்டதாரிகளே தொடக்கநிலைப் பணியிடத்துக்குப் போட்டி போடும்போது, விசாவுக்குப் பொறுப்பேற்கும் மருத்துவமனையைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு.

பாடநேரத்தை மட்டும் எண்ணும் முறைக்குக் கண்ணில் படாதது எது? தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே செல்கிறார்கள். பக்கவாதம் வந்து படுத்திருப்பவரைக் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைப்பதா, வீட்டிலுள்ளவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதை அந்த வாசலிலேயே கணிக்க வேண்டியிருக்கிறது. மெல்போர்ன் தேர்வாளர் சோதிக்க விரும்பும் மருத்துவத் தர்க்கம் இதுவே. ஆனால் மதிப்பெண் பட்டியலில் இதற்கென்று ஒரு வரியும் கிடையாது.

குறை இந்தியத் தரப்பிலும் உண்டு. பி.பி.டி. எனப்படும் இளநிலை இயன்முறை மருத்துவப் படிப்பை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் 2021-இல்தான் வந்தது. அதுவரை வெளிநாட்டு அமைப்புகளுக்குப் பதில் சொல்ல ஒரே தேசியப் பதிவேடு இருக்கவில்லை. தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் பலரும் தம் பாடத்திட்டத்துக்கும் பாடநேரத்துக்கும் கல்லூரியிலும் கிண்டியிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அச்சட்டம் வகுத்துள்ள மத்தியப் பதிவேடு முழுமையடைந்தால், கல்லூரிவாரிப் பாடநேரத்தை அச்சட்டப்படியான ஆணையமே ஒருமுறை சான்றளித்து கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளின் பதிவு அமைப்புகளுக்கும் அனுப்பிவிடலாம். கள அனுபவத்தையும் மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு அதில் சேர்க்கலாம்.

அழைக்கும் நாடுகள் செய்ய வேண்டியதும் தெளிவு. பற்றாக்குறைப் பட்டியலில் ஒரு தொழிலைச் சேர்க்கும் அரசு, அந்த ஆண்டு எத்தனை தேர்வு இடங்கள், ஊதியத்தோடு கூடிய எத்தனை மேற்பார்வைப் பணியிடங்கள் இருக்கும் என்பதையும் உடன் அறிவிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே இந்த எண்ணிக்கைகள் விண்ணப்பதாரரின் கையில் இருக்க வேண்டும்.