பழக்கமும் பயிற்சியும்: ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம்

தமிழில் 'பழக்கம்', 'பயிற்சி' ஆகிய இரு சொற்களும் பல இடங்களில் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குகின்றன. விளையாட்டு வரலாற்றில் அவற்றைப் பிரித்தே காண வேண்டும். உடல் தன்னறிவின்றித் திரும்பத் திரும்பச் செய்வது பழக்கம். அதன் குறையை இனங்கண்டு, அதை மட்டும் தனியே எடுத்துத் திருத்துவது பயிற்சி. ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் இவ்வேறுபாட்டைக் கோட்பாடாக வகுத்தனர். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தின் கால்பந்துத் திடல்களில் அதைச் செயல்படுத்தினார்.

அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவருடைய முறைகளில் இரண்டைக் கால்பந்து வரலாற்றாசிரியர்கள் சிறப்பாகக் குறிப்பிடுவர். ஒன்று, வலுக்குறைந்த காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகள். மற்றொன்று, பந்தைக் காலோடு உருட்டிச் செல்லாமல் உடனே பிறருக்குத் தர வேண்டிய போட்டிகள். இங்கு விதியே ஆசானாகிறது. இடக்காலால் உதைத்த பந்து விலகிச் செல்லும் அக்கணமே ஆட்டக்காரர் தம் பிழையை அறிகிறார். அடுத்த உதையில் திருத்துகிறார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பலர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. 1956இல் மெல்போர்னில் ரஹீமின் அணி அதே நாட்டை அரையிறுதியில் சந்தித்தது. முதல் கோலை அடித்தது இந்தியா, முடிவு 1-4. இரு ஆண்டுகளிலும் ஆடிய அணிகள் ஒன்றல்ல என்பதால், இம்முன்னேற்றம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. எனினும் இடைவெளி குறைந்தது தெளிவு.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவரது அணுகுமுறை ஆட்டத்தின் வியூகத்திலும் வெளிப்பட்டது. முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2-0 என வென்றது. பின்னர்த் தலையில் காயமுற்ற தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று அதே தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அவ்வணியில் பீட்டர் தங்கராஜ், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் முதலிய ஹைதராபாத் மண்ணின் ஆட்டக்காரர்கள் இருந்தனர்.

1963 ஜூனில் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய மாணவர் பி. கே. பானர்ஜியின் பயிற்சியில் 1970இல் வெண்கலம் கிடைத்தது. அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பதக்கம் பெறவில்லை. இச்சரிவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றையேனும் பயிற்சி வரலாறு உணர்த்துகிறது: பிழையைக் காணும் கண் ஒரு மனிதரிடம் மட்டும் தங்கிவிட்டால், அவரோடு அதுவும் மறைகிறது. எஞ்சுவது பழக்கம் மட்டுமே.